புதியவர் செலுத்தும் வரி

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு விடியற்காலை. 33 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த கும்பகோணத்தை விட்டு, சென்னையில் குடியேறுவதற்காக மனைவியுடன் வந்து இறங்கினேன். பேருந்து எங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டபோது மணி நாலரை. கையில் நான்கு பைகள். போக வேண்டிய இடம் வேளச்சேரியில் உள்ள மகள் வீடு. அந்த நேரத்தில் அவளை எழுப்ப மனம் வரவில்லை. முதலில் எதிர்ப்பட்ட ஆட்டோ ஓட்டுநர் ரூ.800 கேட்டார். மறுபேச்சின்றி ஏறிக்கொண்டோம். கும்பகோணத்திலிருந்து நாங்கள் இருவரும் வந்த பேருந்துக் கட்டணம் அதைவிடக் குறைவு.

எங்களுடன் அதே பேருந்தில் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாநகரப் பேருந்துகள் நிற்கும் பக்கம் நடந்து சென்றதைப் பார்த்தேன். அங்கிருந்தே மாநகரப் பேருந்து புறப்படும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த ஒரு செய்தியின் விலையை அன்று ஆட்டோவுக்குக் கொடுத்தேன்.

பெருநகரில் புதிதாகக் குடியேறுபவருக்கு அன்றாடம் நேரும் இத்தகைய சாகசங்களை நாம் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால், ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்க்கும்போது அவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. நகரம் புதியவரிடம் ஒரு வரி வசூலிக்கிறது. அதற்குச் சட்டம் இல்லை, ரசீது இல்லை. அறியாமைக்கான வரி அது. எல்லாப் புதியவர்களும் அதைச் செலுத்துகிறார்கள். ஏழைகள் கூடுதலாகச் செலுத்துகிறார்கள்.

பொருளியலில் இது புதிய செய்தி அன்று. ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு பொருளின் விலையைத் தெரிந்துகொள்வதற்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை விளக்கினார். கடை கடையாக ஏறி இறங்குவதற்குச் செலவாகும் நேரமும் உழைப்பும் அந்த விலைதான். ஒரே பொருள் ஒரே ஊரில் பல விலைகளில் விற்கப்படுவதற்கு, வாங்குபவர்களின் அறியாமை முக்கியக் காரணம் என்றார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இடப்பெயர்ச்சி குறித்து நான் வகுப்பறையில் மிகுதியாக நடத்தியது, 1970-இல் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டோடரோவும் முன்வைத்த கோட்பாடு. நகரத்தில் கிடைக்கும் கூலியையும் வேலை கிடைப்பதற்கான வாய்ப்பையும் பெருக்கி, அதைக் கிராமத்துக் கூலியுடன் ஒப்பிட்டே மனிதர் இடம்பெயர்கிறார் என்பது அதன் சாரம். அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதில் கிளாம்பாக்கத்து ஆட்டோவுக்கு இடம் இல்லை என்பது அன்று விடியற்காலையில்தான் உறைத்தது.

ஆட்டோ ஓட்டுநரைக் குறை சொல்வதில் பயனில்லை. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு முதல் 1.8 கி.மீ.க்கு ரூ.25, அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் ரூ.12 என்று கட்டணம் நிர்ணயித்தது. அதற்குப் பின் எரிபொருள் விலை உயர்ந்தது. வாகனத்தின் விலையும் அவர் குடியிருக்கும் வீட்டின் வாடகையும் உயர்ந்தன. கட்டணம் மட்டும் நெடுங்காலம் அதே இடத்தில் நின்றது. அறிவிக்கப்பட்ட விலை நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிட்டால் மீட்டர் ஓய்ந்துவிடும், பேரம் தொடங்கிவிடும். பேரத்தில் ஊர்க்காரர் தப்பித்துக்கொள்வார். தொலைவும் தெரியாமல் நியாய விலையும் தெரியாமல் நிற்பவர்தான் அகப்படுவார். கட்டணத்தை உரிய காலத்தில் திருத்தாமல் விடுவது பயணிகளுக்குச் செய்யும் சலுகைபோலத் தோன்றும். உண்மையில் அதன் சுமை புதியவர் தலையில் இறங்குகிறது.

அடுத்த படலம் வீடு தேடுதல். மகள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு சிறிய வீடு பார்க்கலாம் என்று தரகர் ஒருவருடன் புறப்பட்டோம். முதலில் காட்டிய தரைத்தள வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காற்றோட்டம், வெளிச்சம், வாசலில் வேப்பமரம். மாத வாடகை ரூ.15,000. முன்பணம் பத்து மாத வாடகை என்றார்கள்.

வெளியே வந்து தெருமுனையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் எங்களைப் பார்த்தவுடன் கண்டுகொண்டார். 'வீடு பார்க்க வந்தீங்களா சார்?' என்றவர், எதிரே இருந்த சுற்றுச்சுவரைக் காட்டினார். 'அந்தக் கறை தெரியுதா? அதுவரைக்கும் தண்ணி வந்துச்சு.' இடுப்பளவு உயரத்தில் சுவர் நெடுகிலும் மங்கலாக ஒரு கோடு ஓடியது. கோடை வெயிலில் அந்தத் தெருவைப் பார்த்தவர் எவரும் அதை வெள்ளத்தோடு சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியின் பல தெருக்கள் நீரில் மூழ்கியதை நாளிதழில் படித்தவன்தான் நான். ஆனால், எந்தத் தெரு என்பது நாளிதழைவிட இளநீர்க்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு பழுதடைகிறது என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். பழைய காரைப் பற்றி அவர் சொன்னது வாடகை வீட்டுக்கும் பொருந்தும். வெள்ளம் புகும் வீடும் புகாத வீடும் ஜூன் மாதத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வாடகையும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு கார்த்திகையில்தான் தெரியும்.

சென்னையின் இடப்பெயர்கள் இந்தச் செய்தியைக் கட்டணமின்றிச் சொல்கின்றன. தியாகராய நகர், 1920-களில் மாம்பலம் நெடிய ஏரியின் பரப்பில் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது. அதிலிருந்து பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. சேத்துப்பட்டில் ஸ்பர்டேங்க் சாலை இருக்கிறது. வேளச்சேரிக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், பழைய பரப்பில் சிறு பங்காகச் சுருங்கிய பின்னர், 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரி, தாங்கல் என்று முடியும் பெயர்களைப் படிக்கத் தெரிந்தவர் வீடு பார்க்கும்போது ஒருமுறைக்கு இருமுறை விசாரிப்பார். தெரியாதவர் வேப்பமரத்தைப் பார்ப்பார்.

அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறொரு தெருவில் முதல் தளத்தில் வீடு பிடித்தோம். வாடகையும் முன்பணமும் அதே அளவுதான். இந்த முன்பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆனால், மாறான ஒப்பந்தம் இருந்தால் அது செல்லும் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையொப்பமிட மாட்டார்? 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்சம் என்கிறது. சென்னையின் வழக்கமோ பத்து மாதம் என்பதாகவே பெரும்பாலும் நீடிக்கிறது.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ரூ.15,000 வாடகைக்குப் பத்து மாத முன்பணம் ரூ.1,50,000. என்னைப் போன்ற ஓய்வூதியர் அதை வைப்புநிதியிலிருந்து எடுக்கிறார். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்று கொண்டால் அவர் இழப்பது ரூ.10,500, மாதத்துக்கு ரூ.875. ஆக, அவரது உண்மையான வாடகை ரூ.15,875. இப்போது, வேலை கிடைத்து முதன்முறையாகச் சென்னைக்கு வரும் ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் வைப்புநிதி இல்லை. ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மாதத்துக்கு ரூ.3,000 வட்டி. அவரது உண்மையான வாடகை ரூ.18,000. ஒரே வீடு, ஒரே ஒப்பந்தம். ஆனால், வசதி குறைந்தவருக்கு வாடகை கூடுதல். இருப்பவரிடம் கூடுதலாகவும் இல்லாதவரிடம் குறைவாகவும் வாங்குவதே நல்ல வரிக்கு இலக்கணம் என்று படித்திருக்கிறோம். புதியவர் செலுத்தும் வரி தலைகீழாக நடக்கிறது.

வீடு அமைந்த பிறகும் சாகசங்கள் ஓயவில்லை. முதல் வாரத்தில் துவரம்பருப்பு வேகவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தந்துவிட்டார் என்று நான் சொன்னேன். தண்ணீர்தான் காரணம் என்றார் மனைவி. அவர் சொன்னதே சரி. ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் பருப்பு எளிதில் வேகாது. குளிப்பதற்கு ஒரு நீர், சமையலுக்கு ஒரு நீர், குடிப்பதற்கு கேன் நீர் என்று பிரித்துப் பழகக் காவிரிக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்ததைச் செய்தியாக அறிந்திருந்தேன். ஒரு குடம் தண்ணீரைக் கண்டு மனம் கணக்குப் போடத் தொடங்குவது எப்படி என்பதை இங்கு வந்தபின்தான் அறிந்தேன்.

முகவரி தேடுவது இன்னொரு சாகசம். சென்னையில் பல தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. பழைய எண், புதிய எண். பழைய மாணவர் ஒருவரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் சொன்ன 24 புதிய எண். நான் கதவைத் தட்டிய 24 பழைய எண். கதவைத் திறந்த அம்மையார், இது தமக்கு வாடிக்கைதான் என்று சொல்லி, மோர் கொடுத்து, தம் பேரனைத் துணைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில், நெருங்கிய உறவினரைவிட அறிமுகம் மட்டுமே உள்ளவர்களிடமிருந்தே புதிய செய்திகள் வந்து சேர்கின்றன என்று விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பதே காரணம். இளநீர்க்காரரும் மோர் தந்த அம்மையாரும் அவருடைய கருத்துக்குச் சான்றுகள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எங்கள் குடியிருப்பின் காவலாளி ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழ் இன்னும் கைவரவில்லை. அவருக்கு வேலை, தங்குமிடம், கடன், செய்தி நான்கும் ஒரே ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகின்றன. அந்த ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் அவருக்குச் சந்தை விலை. அவர் சொல்வதுதான் சட்டம். பக்கத்துத் தெருவில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று விசாரிக்க அவருக்கு மொழி இல்லை. என்னுடைய அறியாமை ரூ.800-இல் முடிந்தது. அவருடைய அறியாமை ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது.

அந்த முதல் வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் வேண்டாம் என்ற அடுத்த வாரமே அங்கு ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையுடன் குடிவந்தனர். நாள்தோறும் நடைப்பயிற்சிக்குப் போகும்போது அவர்களைப் பார்ப்பேன். சுவரில் இருந்த கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம். கும்பகோணத்தில் இந்தத் தயக்கம் எனக்கு வந்திருக்காது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் மனம் பொறுக்காமல் ஒருநாள் நின்று சொன்னேன். அந்த இளைஞர் அமைதியாகக் கேட்டுவிட்டு, 'இப்பத்தான் பக்கத்து வீட்டுலயும் சொன்னாங்க சார். என்ன பண்றது? பத்து மாச அட்வான்ஸ் உள்ள மாட்டியிருக்கு. இப்ப காலி பண்ணினா அது எப்ப கைக்கு வரும்னு தெரியாது. வேற வீட்டுக்கு இன்னொரு பத்து மாசம் வேணுமே' என்றார்.

அன்றுதான் முன்பணத்தின் முழுப் பொருளும் புரிந்தது. நான் அதை வட்டிக் கணக்காக மட்டுமே பார்த்திருந்தேன். அது ஒரு தளையும்கூட. காலம் கடந்து வந்த செய்தியைப் பயன்படுத்த முடியாமல் அது மனிதரைக் கட்டிப்போடுகிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தங்கள் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த இளைஞருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும், பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே போய்க் கேட்பார்?

புதிதாக ஊருக்கு வந்தவர் சந்தையில் ஏமாற்றப்படுவது தமிழருக்குப் பழைய கதை. புகாரிலிருந்து மதுரைக்கு வந்த கோவலன், சிலம்பை விற்க யாரை அணுகுவது என்று அறியாமல், அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடமே போய்ச் சேர்ந்தான். அதே மதுரையில்தான், முன்பின் அறியாத அவனுக்கும் கண்ணகிக்கும் மாதரி அடைக்கலம் தந்தாள். மாதரிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், ஒரு மாநகரத்தின் நிர்வாகம் மாதரிகளை மட்டுமே நம்பி நடக்கக் கூடாது.

செய்தியை உரியவரிடம் சேர்ப்பது கடினமான செயலும் அன்று. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அத்தகைய பேருந்துகளில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டதால், என் மனைவி முதல் நாளே அதைத் தெரிந்துகொண்டார். சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 முறை கட்டணமின்றிப் பயணம் செய்ய 2016 முதல் டோக்கன் வழங்கப்படுகிறது. இது எனக்குத் தெரியவந்தது எட்டு மாதங்களுக்குப் பின், தேநீர்க் கடையில் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான். அதற்குள் 80 பயணங்கள் போய்விட்டன. ஒரே போக்குவரத்துக் கழகம், இரண்டு சலுகைகள். ஒன்று பேருந்தின் முகத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வேறுபாடு சில படிகள் வண்ணம்தான்.

பின் ஏன் இந்த வரி நீடிக்கிறது? ஒரு காரணம் அரசியல் சார்ந்தது. புதியவரின் பெயர் பெரும்பாலும் பழைய ஊரின் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது. குடிமாறியவர் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், ஆண்டுக்கொரு வீடு மாறும் வாடகைதாரர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? சீர்திருத்தத்தால் பயன்பெறக் கூடியவருக்கு அந்த வார்டில் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரின் குறை எந்த மாமன்ற உறுப்பினரின் காதிலும் விரைவில் விழுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடி பேர். மக்கள்தொகையில் 37 சதவீதம். அவர்களில் பலர் திருமணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண்கள். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு மெல்லிய குரலுடன் இருப்பது வியப்புக்குரியது.

சென்னை மாநகராட்சி 2011-இல் விரிவாக்கப்பட்டு 15 மண்டலங்கள், 200 வார்டுகள் கொண்டதாக ஆனது. ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் புதிதாகக் குடிவருபவருக்கென ஒரு பக்கத் தகவல் தாள் வைக்கலாம். குடிநீர் எப்போது வரும், குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் முகவரி மாற்ற எங்கே போவது, வாடகை அதிகாரி யார், எந்தப் பேருந்துச் சலுகைக்கு யார் தகுதியுடையவர் என்பவை தமிழிலும், வந்து உழைக்கும் பிற மாநிலத்தவரின் மொழிகளிலும் அதில் இருக்கட்டும். ஆட்டோ கட்டணத்தை எரிபொருள் விலையுடன் இணைத்து ஆண்டுதோறும் திருத்தி, பேருந்து முனையங்களின் வாயிலில் முக்கிய இடங்களுக்கான கட்டணத்தைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில், அந்த வீட்டில் வெள்ளம் புகுந்த வரலாற்றைக் கட்டாயமாகக் குறிப்பிடச் செய்யலாம். முன்பண வரம்பிலுள்ள விலக்கை நீக்குவது குறித்துச் சட்டமன்றம் சிந்திக்கலாம். இவற்றில் எதற்கும் பெருநிதி தேவையில்லை.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம் ஊர்களில் சொல்வார்கள். எனக்கு வாய் இருந்தது. கேட்கக் கூச்சப்படாத வயதும், பதில் சொல்பவர்களிடமிருந்து 'சார்' என்ற மரியாதையும் கிடைத்தன. ஆகவே என் சாகசங்கள் சிரித்துப் பேசும் கதைகளாக முடிந்தன. அந்தத் தரைத்தள வீட்டின் இளைஞரும் எங்கள் காவலாளியும் தங்கள் கதைகளை அப்படிச் சொல்ல முடியாது. கேட்கத் தெரியாதவரும், கேட்க மொழி இல்லாதவரும், கேட்டும் நகர முடியாதவரும் பிழைப்பதற்கு வழிசெய்யும் நகரமே வந்தாரை வாழவைக்கும் நகரம் என்ற பெயருக்கு உரியது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).